தீயில் காய்ச்சிய டிரம் மெஷின்

டிரம் மெஷினை வைக்கோல் தீயில் காட்டிய ஒரே ஆள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. நான் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அதற்காக அம்மா என் முதுகில் வைத்த இரண்டு அறையை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆந்திராவில், சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நாங்கள் இருந்த காலனி இந்தப் பக்கம். அங்கே தெலுங்கு, இங்கே தமிழ், வயலில் இறங்கிவிட்டால் இரண்டும். கங்கம்மா ஜாத்திரைக்கும் ஊர்ச் சாவுக்கும் டப்பு அடிப்பது எங்கள் வீட்டு ஆம்பிளைகளின் வேலை என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்து வைத்திருந்தார்கள். எங்களைக் கேட்டு முடிவு செய்யவில்லை. டப்பு என்றால் பறைதான். அடிப்பதற்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தோலைக் காட்டுவார்கள். தோல் முறுக்கேறிக் கணீரென்று பேசும். காய்ச்சாத டப்பு நமத்துப்போன அப்பளம்தான். தட்டினால் ஒரு சத்தமும் வராது. இது எங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

அந்த வருஷங்களில் காலனியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, குவைத்தில் டிரைவர் என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். ஊர்ப் பக்கமும் அதே கதைதான். பெரிய வீட்டுக்காரரின் இரண்டு மகன்களும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்கா போனார்கள். அவர்களுக்கு மாலை போட்டு, பஸ் ஸ்டாண்டு வரை ஊரே போய் வழியனுப்பியது. எங்கள் ஆட்கள் போனதற்கு மட்டும் பஞ்சாயத்து கூடியது. டப்பு அடிக்கத் தெரிந்தவர்களில் நைனா, அதாவது என் அப்பா, ஒருவர்தான் ஊரில் மிச்சம் இருந்தார். அவரும் பெரிய வீட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்ததால்தான் மிச்சம் இருந்தார்.

நைனாவின் தம்பி, என் சித்தப்பா, திருப்பதியில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் இருந்தார். கல்யாண மேடைகளில் ஒயர் சுருட்டப் போனவர், போகப் போக ரிதம் பாக்ஸ் வாசிக்கும் ஆளாகிவிட்டார். முடியை வளர்த்துத் தோள்வரை விட்டிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். முந்தின வருஷ ஜாத்திரையில் நைனா காய்ச்சலோடு நாள் பூராவும் அடித்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இலை போட்டார்கள். அதைப் பார்த்த சித்தப்பா சோற்றோடு இலையைச் சுருட்டி எருக்குழியில் வீசிவிட்டு நைனாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். அன்றைக்கு நைனா அவரைத்தான் திட்டினார். பசி வேறு.

இந்த வருஷம் பஞ்சாயத்தில் பெரிய வீட்டுக்காரர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்தார். டப்புச் சத்தம் எங்கள் வீட்டிலிருந்து வந்தாக வேண்டும். வராவிட்டால் குத்தகை இல்லை. நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பின்னாலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார்.

“இன்னா அய்யா, அடி வேணும், அவ்ளோதானே? எங்க வூட்லேர்ந்தே வரும்.”

அடங்கிவிட்டான் பையன் என்று ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்டார், “யார்ரா அடிக்கப் போறது? நீயா?”

“நானும் இல்ல, நீயும் இல்ல. அடி குடுக்குறேன்னு சொன்னேன். கைய குடுக்குறேன்னு சொன்னேனா?”

அடுத்த முறை திருப்பதியிலிருந்து வரும்போது அந்த டிரம் மெஷினைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். குவைத்திலிருந்து திரும்பிய யாரோ கொண்டுவந்தது. பள்ளிக்கூட ஸ்லேட்டு அளவுதான் இருக்கும். மேலே எட்டு ரப்பர் பட்டன்கள். ஒவ்வொன்றும் ஒரு சத்தம். அடியை ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால் நிறுத்தச் சொல்லும்வரை அதே அடியைத் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டே இருக்குமாம். சோறு வேண்டாம், இலை வேண்டாம், காய்ச்சல் வராது. நான் அதைத் தொட்டுப் பார்க்க விரலை நீட்டினேன். “கை எடு,” என்றார்.

சொல்லிக் கொடுப்பது லேசில்லை. கங்கம்மாவை அழைக்கிற அடி ஏழு எண்ணிக்கையில் ஓடும். கடைசி அடி கொஞ்சம் தாமதித்து, விழுமோ விழாதோ என்று பயமுறுத்திவிட்டு விழ வேண்டும். சித்தப்பா பட்டனைத் தட்டுவார். மெஷின் அந்தக் கடைசி அடியை இழுத்துக்கொண்டு போய் ஒழுங்கான இடத்தில் உட்கார வைத்துவிடும். நைனா முதல் இரண்டு நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், சுவர்ப் பக்கம் பார்த்தபடியே, “தப்பு,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “தப்புடா. ஸ்கூல் பையன் டிரில் பண்ற மாதிரி கீது.” அதற்குப் பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொடையில் தட்டிக் காட்டினார். அடியைத் திருத்துகிற அந்தப் புத்தியை மெஷினிடமிருந்து பிடுங்குவதற்கு எந்த பட்டன் என்று சித்தப்பா கண்டுபிடிக்க ஒரு பகல் ஆயிற்று. பிறகு அந்தக் கடைசி அடி, நைனா தட்டுகிற மாதிரியே தாமதித்து விழுந்தது.

ஜாத்திரைக்கு முதல் நாள் சித்தப்பா சின்ன ஸ்பீக்கரில் மாட்டிக் காலனிக்கே போட்டுக் காட்டினார். அந்த வழியாக வந்த பூசாரியம்மா நின்று கேட்டார். பூசாரியின் சம்சாரம்தான் அவர். வருஷாவருஷம் கங்கம்மா இறங்குவது அவர் மேல்தான். அம்மா இறங்கி, வாயைத் திறந்து ‘கிளம்பு’ என்று சொன்னால்தான் ஊர்வலமே கிளம்பும். அவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அரிசில கல்லு பொறுக்கிப் போடுற சத்தம் மாதிரி கீது. இதுக்கு அம்மா வருவாளா? ஒரு பூனை வந்தாலே பெரிசு.”

காலனியே சிரித்தது. எங்கள் ஆட்களே சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அடி சரியாக இருந்தது, ஆனால் சத்தத்தில் உயிர் இல்லை. அது எனக்கும் தெரிந்தது. நாளைக்குக் கங்கம்மா இறங்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. நைனா டப்பை எடுக்க வேண்டும். எடுத்தால் பிறகு கீழே வைக்கவே விட மாட்டார்கள். சித்தப்பா முகம் செத்துப் போயிருந்தது. போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் அவர் மைக் செட்காரரைப் பார்க்கப் போனார். அம்மா தண்ணீர் எடுக்கப் போனாள். நான் மெஷினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். திடீரென்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவ்வளவு பெரிய ஆம்பிளைகள், ஒரு வாரம் மல்லுக்கட்டியவர்கள், இதைக் காய்ச்ச மறந்துவிட்டார்களே! எனக்கு அவர்கள் மேல் கோபமே வந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொல்லையில் ஒரு பிடி வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினேன். நைனா செய்வது போலவே மெஷினை இரண்டு கையாலும் பிடித்து, ஓரத்திலிருந்து ஆரம்பித்து, சூடு எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகச் சுற்றினேன். அவசரப்பட்டால் தோல் வெடித்துவிடும் என்று நைனா சொல்வார். ஆகவே நான் அவசரப்படவே இல்லை.

நாற்றம் எடுத்த பிறகுதான் பார்த்தேன். ரப்பர் பட்டன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரம் நெளிந்து தொங்கியது. அதே நேரத்தில் அம்மா குடத்தோடு வந்தாள். அந்த இரண்டு அறை அப்போது விழுந்ததுதான்.

“காய்ச்சினேன்மா! நைனா காய்ச்சுறாரே, அதே மாதிரிதான் காய்ச்சினேன்!” என்று கத்தினேன். அழவில்லை. அழுதால் தப்பு செய்ததாக ஆகிவிடும்.

சித்தப்பா வந்து பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நைனா அதைவிட மோசம். உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த டப்பைக் கழற்ற எக்கினார். அதைப் பார்த்ததும் சித்தப்பா பாய்ந்து எழுந்தார்.

“அண்ணா, தொடாத! ஒரு மணி நேரம் குடு எனக்கு. ஒரே ஒரு மணி நேரம்.”

மெஷினைக் கரண்டில் சொருகிப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது! ரப்பர் பட்டன்கள்தான் போயிருந்தன, ஓட விடுகிற சுவிட்ச் தப்பியிருந்தது. மனப்பாடம் செய்த அடி உள்ளே பத்திரமாக இருந்தது. ஆனால் சத்தத்தைக் கூட்டுகிற கட்டை உருகி, அடிமட்டத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. நகரவே இல்லை. ஸ்பீக்கரில் காதை வைத்தால் கொசு ரீங்காரம் போல ஏதோ கேட்டது. ஜாத்திரைத் திடலில் யார் வந்து காதை வைப்பார்கள்?

அப்போதுதான் சித்தப்பா தன் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து வேறொரு சின்னப் பெட்டியை எடுத்தார். செங்கல் மாதிரி கனம், மூன்று திருகுகள், காலால் மிதிக்க ஒரு தகடு. ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசித்தவருடைய டிஸ்டார்ஷன் பெடல். அவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்துப் போகும்போது இதைச் சித்தப்பாவிடம் கொடுத்து, கிடாரைத் தவிர வேறு எதையும் இதில் மாட்டாதே, ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாராம். சுத்தமான சத்தத்தை உள்ளே விட்டால் முரட்டுச் சத்தமாக வெளியே தள்ளுவது அதன் வேலை. சின்னச் சத்தத்தையும் தூக்கி நிறுத்திக் கத்த வைக்கும்.

“சத்தியம் பண்ணியே சித்தப்பா,” என்றேன்.

“நீ கம்முனு இரு. ஏற்கனவே கொளுத்திட்ட. இன்னும் இன்னா போவப் போவுது?”

மெஷினிலிருந்து ஒயரைப் பெடலுக்கும், பெடலிலிருந்து ஸ்பீக்கருக்கும் கொடுத்தார். தகட்டை மிதித்தார்.

அப்பாடா, அதை எப்படிச் சொல்வேன்! கொல்லையிலிருந்த கோழிகள் கூரைக்கு ஏறின. தெருநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. பெரிய அடி விழும்போது தரை உறுமியது. சின்ன அடிகள் தோலைக் கிழிப்பது போலச் சரசரத்தன. அடிக்கும் அடிக்கும் நடுவிலும் சத்தம் ஓயவில்லை. புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்திருந்தது. அந்தக் கடைசி அடி தாமதித்தபோது நான் சித்தப்பா சட்டையைப் பிடித்துக்கொண்டேன். விழுந்தபோது அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டாள்.

நைனா டப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். தலையை ஒருபக்கம் சாய்த்து முழுச் சுற்றும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இப்பதான் காஞ்சிக்கீது. நல்லாத்தான் காய்ச்சியிருக்க புள்ள.”

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சொம்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் திடலுக்குப் போனோம். ஊர் மொத்தமும் கோயில் முன்னால் நின்றது. பூசாரியம்மா மஞ்சள் புடவையில், ஈரத் தலையோடு நடுவில் நின்றார். முதல் நாள் ‘ஒரு பூனை வந்தாலே பெரிசு’ என்று சொன்ன வாய். அதைக் காப்பாற்ற வேண்டுமே, முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். நைனா வெறுங்கையோடு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். பெரிய வீட்டுக்காரர் முதலில் துண்டைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார்.

“டப்பு எக்கடரா?” என்றார், டப்பு எங்கேடா என்று.

நைனா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா, “இதோ வருது அய்யா,” என்று சொல்லிவிட்டு மைக் செட்டுக்குப் பக்கத்தில் உருகிய மெஷினை வைத்தார். யாரோ சிரித்தார்கள். அவர் பெடலை மிதித்தார்.

மைக் செட்டின் நான்கு ஹாரனிலும் அந்த அடி புறப்பட்டது. சிரித்தவன் வாயை மூடவில்லை, அப்படியே நின்றான். மைக் செட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, “ஐயோ, கிழிஞ்சிடும், கிழிஞ்சிடும்,” என்று கத்தினார். பெரிய வீட்டுக்காரர் கையை உயர்த்தி, “ஆபரா! நிறுத்துடா அத!” என்றார். சித்தப்பா நேராக அவரைப் பார்த்துக்கொண்டே குனிந்து திருகைத் திருப்பினார். நிறுத்துகிற பக்கம் திருப்பவில்லை. ஏற்றுகிற பக்கம் திருப்பினார்.

நான் பூசாரியம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வா, வா, வா என்று மனசுக்குள் மிரட்டினேன். முதலில் வலது கால் கட்டைவிரல் மண்ணைக் கிளறியது. அவர் அதை இழுத்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் குதிகால் தூக்கியது. கடித்திருந்த முந்தானை வாயிலிருந்து நழுவியது. மூன்றாவது சுற்றில் அந்தக் கடைசி அடி தாமதித்து விழுந்ததும், கூந்தல் அவிழ்ந்து, ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள்! குலவைச் சத்தம் திடலைச் சூழ்ந்தது.

பெரிய வீட்டுக்காரர் விடவில்லை. “இது மெஷின் கூத்து. கையால அடிச்சாத்தான் ஆச்சாரம்,” என்றார். எங்கள் ஜாத்திரையில் யாரும் யாரையும் திட்டலாம். வேஷம் கட்டியவனே திட்டுவான், சாமி வந்தவள் சும்மா விடுவாளா? ஆடிக்கொண்டே அவர் முன்னால் வந்து நின்றாள்.

“இன்னாடா சொன்ன, துடப்பக்கட்டை? நான் சத்தத்துக்கு வந்தவடா! எவன் கை அடிக்குதுன்னு பாத்துகினா வருவேன்? கைதான் வேணும்னா உங்கைய வெச்சி அடிடா! எட்றா டப்ப! அடிடா!”

திடலில் ஒரு சத்தம் இல்லை, மெஷினைத் தவிர. பெரிய வீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். கங்கம்மா ‘கிளம்பு’ என்றாள். ஊர்வலம் கிளம்பியது. மெஷினும் பெடலும் ஹாரனும் மைக் செட்டின் பேட்டரியோடு ஒரு மாட்டு வண்டியில் ஏறி முன்னால் போயின.

அன்று பூசாரியம்மா மேல் வந்தது யார் என்று என்னிடம் கேட்காதீர்கள். யார் வந்திருந்தாலும் சரியான ஆள்தான் வந்தார். அடுத்த விதைப்புப் பட்டத்தில் குத்தகை போய்விட்டது. போகட்டும். நைனா சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாருக்காகவும் டப்பைத் தொடவில்லை.

ஆனால் அந்தச் சாயங்காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். ஊர்வலம் நகர்ந்துகொண்டிருந்தது. நான் தோழிகளோடு ரோட்டோரம் நின்றேன். நைனா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணை! கால்கள் அவர் இடுப்புவரை தொங்கின. தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது.

“இறக்கி வுடு நைனா. எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“இரு கண்ணு. கொஞ்ச நேரம் பாத்துட்டு இறக்கி வுடறேன்.”

சாமிக்குப் பின்னால் சப்பரங்கள் வந்துகொண்டிருந்தன. மூங்கிலில் கோபுரம் போலக் கட்டி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டி, வேண்டுதல் உள்ளவர்கள் தலையில் தூக்கி வருவது. வருஷாவருஷம் வருவதுதான். சாய்ந்த வெயில் மேலே பட எல்லாம் மின்னிக்கொண்டிருந்தது. நைனா அதையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“அதோ பின்னால வருதே, அது இன்னா கண்ணு? இந்த வருசம் புதுசா?”

நான் சத்தமாகச் சிரித்தேன். தோழிகளுக்குக் கேட்க வேண்டும் என்றே கத்திச் சொன்னேன், “எங்க நைனாவுக்குச் சப்பரமே தெரியலடி!” அவர்களும் சிரித்தார்கள். இருபது வருஷமாக ஒரு ஜாத்திரைகூடத் தவறாமல் போன மனிதர். எல்லாவற்றிலும் முன்னால் நடந்து அடித்துக்கொண்டே போனவர். பின்னால் என்ன வருகிறது என்று அவர் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அது அப்போது எனக்குத் தெரியவில்லை. காலை உதறி, அடம் பிடித்து, அவர் தோளிலிருந்து இறங்கிக்கொண்டேன்.